வளர்ப்பு மீனும் செம்புழுவும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் அன்பர்கள் சிலர், சென்னை சென்று திரும்புகையில், வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலிருந்து குழந்தைகளுக்கு மீன் வாங்கி வருகின்றனர். உடன் ஒரு பையில் உயிருள்ள செம்புழுவும் வருகிறது. அதைப் பற்றியே இம்மாதம் சில சொற்கள்.

டியூபிஃபெக்ஸ் எனப்படும் அப்புழுவை மீன்கள் ஆவலுடன் உண்ணும் என்பது மெய்யே. ஆயினும் அது சாக்கடைச் சேற்றில் பெருகுவது. அங்குள்ள நோய்க்கிருமிகளையும் உடன் கொணரக்கூடும். சென்ற கோடையில் நாமும், குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கண்டு, கழுவாமலே கைநிறைய அள்ளி இட்டோம். எஞ்சிய புழுக்கள் அடிமணலில் மடிந்து அழுகின. நீர் கலங்கியது. மூன்றாம் நாள் மீன்கள் செத்து மிதந்தன. "ஏன்?" என்று கேட்ட குழந்தைகளுக்கு விடை கூற நமக்கு நா எழவில்லை.

ஆகவே, புழுவை அகன்ற தட்டில் பரப்பி, நிழலில் வைத்து, நாள்தோறும் பலமுறை நீர் மாற்றுக. மடிந்தவற்றை அகற்றுக. இரண்டு மூன்று நாள் சென்ற பின்னரே மீனுக்கு இடுக. இரண்டொரு நிமிடத்தில் உண்டு தீரும் அளவே போதும்.

கொசுப்புழுவும் நல்ல இரையே. ஆனால் அதற்கென வாளியில் நீரைத் தேக்கி வைத்தல் தகாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை கொசுக்களாகிப் பறந்துவிடும். டெங்குக் காய்ச்சல் அண்டை வீட்டாரையும் பற்றும்.

இரையிடும் பொறுப்பைக் குழந்தைகளிடமே விடுவோம். அளவை மட்டும் அருகிலிருந்து காட்டிக்கொடுப்போம்.