பேசப்பட்ட பெயர்களும் வந்த பெயரும்

குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிப்போர், மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் மாநிலங்களவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுமே. ஊகிப்போரோ நாம் அனைவரும்!

2002ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். மராட்டிய ஆளுநர் பி. சி. அலெக்சாண்டரின் பெயர் அடிபட்டது, காங்கிரஸ் இசையவில்லை. குடியரசுத் துணைத் தலைவர் கிருஷ்ண காந்தின் பெயர் எழுந்தது; அதுவும் அடங்கிற்று. அவ்வேளையில் அப்துல் கலாம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் திங்களில் அவருக்கு அழைப்பு வந்தது. இடதுசாரிகள் நிறுத்திய லட்சுமி சேகலை வென்று, ஜூலை 25ஆம் நாள் பதவியேற்றார். இரண்டே நாளில் கிருஷ்ண காந்த் மாரடைப்பால் காலமானார்.

ஏமாற்றமே அவர் உயிரைக் கொண்டது எனச் சொல்ல யாம் துணியோம். ஆயினும், அன்பர்களே, ஊகம் நமக்குப் பொழுதுபோக்கு. பெயர் பேசப்படுபவருக்கோ அது நெஞ்சில் வளரும் நம்பிக்கை.

ஊர்ச் சங்கத்திற்கோ பள்ளிக் குழுவிற்கோ ஒருவர் பெயரை நாம் எடுக்கும்போதும் இஃது பொருந்தும். பிறகு அவரைக் கைவிட நேரின், நேரில் சென்று சொல்லும் துணிவு நமக்குண்டா? அதை முதலில் கேட்டுக்கொள்வோம்.