முற்ற விட்டோம்

மொட்டை மாடி ஒழுகுகிறது, தளத்தைப் பெயர்த்துப் போட ஆள் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பைகளையெல்லாம் இறக்கிவிடுங்கள் என்று சங்கச் செயலாளர் சொன்ன பிறகுதான் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மேலே ஏறினோம். தோட்டம் தொடங்கிய நாளுக்குப் பிறகு எல்லோருமாக ஏறியது அன்றைக்குத்தான். எண்ணிப் பார்த்தோம், 43 பைகள். ஏழில் பச்சை தெரிந்தது. அந்த ஏழில் மூன்று குப்பைமேனி, அதுவாக வந்தது.

ஓரத்தில் கிடந்த பையைத் தூக்கியபோது அடி பிய்ந்து மண் கொட்டியது. மண்ணோடு சேர்ந்து கிழங்கும் விழுந்தது. விரல் விரலாகப் பின்னிக்கொண்டு, ஒடித்த இடத்தில் கண்ணைப் பறிக்கிற நிறத்தில், மஞ்சள். யார் வைத்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நினைவு வந்தது. 2021 பொங்கல் முடிந்ததும் பானைக் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்தைக் குப்பையில் போட மனசு வராமல் அந்தப் பையில் புதைத்திருந்தோம். மழைக்கு இலை விட்டு வாழைக்கன்று மாதிரி நின்றது. புகைப்படம் எடுத்தோம். மார்கழியில் இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்தது. ‘செத்துப்போச்சு’ என்று தண்ணீரை நிறுத்தினோம். மஞ்சள் விளைய ஒன்பது மாதம் பிடிக்கும், இலை காய்ந்தால் தோண்டலாம் என்று அர்த்தம். அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தையில் தெருமுனையில் பேரம் பேசி வேறு மஞ்சள் கொத்து வாங்கி வந்து பானையில் கட்டினோம். அதன் பிறகும் மழை வந்தபோதெல்லாம் அது தானாகத் துளிர்த்துத் தானாகக் காய்ந்திருக்கிறது.

தோட்டம் வாடிப்போனது, வெயில் தாங்கவில்லை, பூச்சி விழுந்தது என்று கேட்கிறவர்களிடம் இத்தனை நாள் சொல்லிவந்தோம். பாதிதான் உண்மை. பல செடிகள் காய்த்தன. நாங்கள் பறிக்கவில்லை.

ஆரம்பித்தபோது இருந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கு. பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவிய காலம். கோயம்பேடு சந்தை மூடியதும் தக்காளிக்கு என்ன செய்வது என்று பயம் பிடித்தது. உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, அரிசிச் சாக்கு என்று கையில் கிடைத்ததிலெல்லாம் விதைத்தோம். மறு ஆண்டு தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளையை மானியத்தில் கொடுத்தது. 900 ரூபாய்ச் சாமான் 225 ரூபாய்க்கு. ஆறு பை, இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டி ஆறு, ஆறு வகைக் காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய், ஒரு கையேடு. நார்க் கட்டியைக் குளியலறை வாளியில் ஊறப்போட்டு, அது பொங்கி வெளியே வழிந்து, சாக்கடை அடைத்துக்கொண்ட கதை எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டில் உண்டு. உயிர் உரப் பொட்டலங்கள் பரணில் கிடந்தன. அவை உயிருள்ளவை, சில மாதத்துக்குள் மண்ணில் சேர வேண்டும். நாங்கள் எடுத்துப் பார்த்தபோது தேதி முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கையேட்டை யாரும் பிரிக்கவே இல்லை.

வெண்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. விதைத்த நாற்பதாவது நாள் மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. அன்றைக்கு மாடியில் கூட்டம். பூ விழுந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதம். நுனியைப் பிடித்து வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். நாங்கள் மேலே போனது பத்தாவது நாள். காய் ஒரு சாண் நீளம், வரி வரியாக முதுகெலும்பு மாதிரி நின்றது. நுனி ஒடியவில்லை, வளைந்தது. கத்தி உள்ளே இறங்கவில்லை. நார். இவ்வளவு பெரிய காயா என்று அதையும் படம் எடுத்தோம். செடியின் கணக்கு வேறு. ஒரு காய் முற்றி விதை கட்டிவிட்டால் அதற்கு வந்த வேலை முடிந்தது, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் மேலே போயிருந்தால் இரண்டு மாதம் பறித்திருக்கலாம். விதை சரியில்லை என்று பேசிக்கொண்டு இறங்கினோம்.

கீரையிலும் அதேதான். முளைக்கீரையை மூன்று வாரத்தில் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். நாங்கள் முளைக்கீரையைக் கிள்ளினோம், அரைக்கீரையை விட்டுவிட்டோம். இரண்டும் பூத்துக் கதிர் தள்ளி நின்றன. அதே வாரம் காலை ஆறரைக்குத் தெருவில் கூவிக்கொண்டு வந்த ஆயாவிடம் கட்டு இருபது ரூபாய் என்று வாங்கினோம். மேலே ஏறி இறங்குவதைவிட அது சுலபமாக இருந்தது. கறிவேப்பிலையோ, காய்கறிக்கடையில் கொசுறாகக் கேட்டு வாங்குகிற பழக்கம் போகவே இல்லை. நம் மரம் ஆள் உயரம் வளர்ந்து காய் காய்த்துப் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. நுனியை ஒடித்து ஒடித்துப் பறித்திருந்தால் பக்கக்கிளை வெடித்திருக்கும். எப்போதாவது போனவர் கீழிலையை உருவிக்கொண்டு வந்தார்.

மூலிகையைப் பற்றிப் பேச வாயில்லை. கபசுரக் குடிநீரில் ஆடாதொடை சேரும், கற்பூரவள்ளி சேரும் என்று கேள்விப்பட்டதும் ஆளுக்கொரு கிளை ஒடித்து நட்டோம். ஒருவர் வீட்டில் இருமல் என்றால் பன்னிரண்டு வீட்டிலும் கஷாயம் கொதித்தது. தொற்று அடங்கியதும் மூலிகையையும் மறந்தோம். துளசியின் கதிரைக் கிள்ளாமல் விட்டதில் அது குச்சியாகிப் போனது. தூதுவளை முள்ளோடு கைப்பிடிச் சுவரில் படர்ந்து, துணி காயப்போடப் போனவர் சேலையைக் கிழித்ததும் வெட்டி எறியப்பட்டது. அந்த வாரம்தான் மூன்று வீட்டில் சளி.

இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம். முழங்கால் வலி, படி ஏற முடியாது. சுரைக்கொடி பிஞ்சு விட்டு விட்டு மஞ்சளாகி உதிர்ந்தபோது பஞ்சகவ்யம் தெளித்தோம், மீன் அமிலம் வாங்கினோம், அதன் நாற்றத்துக்காக ஒரு தனிச் சண்டை நடந்தது. இரண்டு மாதம் கழித்து எதேச்சையாகப் பாட்டி காதில் விழுந்தது.

“பூ எந்நேரம் விரியுதுன்னு பாத்தியளா?” என்றார்.

பார்க்கவில்லை. நாங்கள் போவது காலையில். சுரைப்பூ வெள்ளை, பொழுது சாயும்போது விரியும். அந்திப்பூச்சிதான் அதற்கு மகரந்தம் சுமக்கும். நாலு மாடி உயரத்துக்கு அது வராவிட்டால் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சோடு இருக்கிற பெண் பூவில் நாமே தடவ வேண்டும், சாயங்காலம். அந்த நேரத்தில் நாங்கள் டிவி முன்னால் இருந்தோம். கையில் கிடைத்த காணொளியெல்லாம் பார்த்தோம், இரண்டு மாடி இறங்கிப் பாட்டியிடம் கேட்கத் தோன்றவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் தைத்தது. அவர்கள் ஊரில் உலை வைத்த பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார்களாம். அங்கே என்ன கிடைக்கிறதோ அதுதான் அன்றைக்குக் குழம்பு. நாலு அவரை, ரெண்டு கத்திரி, ஒரு முருங்கை என்றால் மூன்றையும் போட்டு ஒரு சாம்பார். குளித்த தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் ஓடும். முற்ற விடுகிற காய் ஒன்றே ஒன்று இருக்கும், கொடியிலேயே நல்ல காயாகப் பார்த்துத் துணி கட்டி விதைக்கு விடுவது. அந்த விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பார்கள், அடுத்த ஆடிப்பட்டத்துக்கு. எங்கள் மாடியில் எல்லாக் காயும் முற்றின, விதை என்று ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. எங்களுக்குக் குழம்பு முந்தின இரவே முடிவாகிவிடுகிறது, செயலியில் ஆர்டர் போட்டாகிவிடுகிறது. மேலே ஆறு வெண்டை இருக்கிறது என்றால் ஆறு வெண்டையை வைத்து என்ன செய்வது என்று அலுப்புதான் வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சோம்பல். சோம்பலில் சேராத ஒன்றும் இருக்கிறது.

2022 கோடையில் சங்கக் கூட்டத்தில் ஒரு புகார் வந்தது. மாடியில் காய் காணாமல் போகிறது. பறிக்காமல் முற்றவிட்ட நாங்கள்தான் அன்று கொதித்தோம். யாருக்கு எத்தனை பை, யார் மண் வாங்கினார், யார் காசு போட்டார் என்று கணக்குப் பார்த்தோம். எடுத்தது வாட்ச்மேன் அண்ணனின் மனைவி. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பாதி வீடுகள் ஊருக்குப் போயிருந்தபோது தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவரும் அந்த அக்காதான். அது யாருக்கும் தெரியாமல் இல்லை, அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

“முத்திப் போவுதேன்னுதாம்மா பறிச்சேன். அஞ்சாறு காயி. கேட்டிருக்கணும், தப்புதான்” என்றார்.

மன்னித்துவிட்டோம் என்று பெருந்தன்மையாக எழுதிக்கொண்டு மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். சாவி செயலாளர் வீட்டில். பறிக்கப் போக வேண்டுமென்றால் காலிங்பெல் அடித்துச் சாவி கேட்க வேண்டும். இரண்டு வாரத்தில் நாங்களும் போவதை நிறுத்தினோம். செடிகள் காய்ந்தது பூட்டுக்குப் பின்னால்தான். வெயிலைக் குற்றம் சொல்லி வந்தோம்.

தளம் போட்டு முடிந்ததும் 14 பையோடு மறுபடி தொடங்கியிருக்கிறோம். மண்ணோடு கிடைத்த மஞ்சளில் பாதியை அந்த அக்காவிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. எந்த வீடு எந்த நாள் பறிப்பது என்று படிக்கட்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை வீட்டுக்காரர் திருச்செந்தூர் போயிருக்கிறார், போன வாரமும் இரண்டு வெண்டை முற்றிவிட்டது. மாடிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. பூட்டை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. மேலே இதுவரை ஒரு காய்கூடக் குறையவில்லை.