தூணை வாங்குகிறவர் வீட்டை இடிக்கிறார்



மார்கழி, தை மாதங்களில் நம் சபைகளிலிருந்து செட்டிநாட்டுக்குப் பேருந்துகள் புறப்படுகின்றன. குடும்பச் சுற்றுலா, வாலிபர் முகாமின் கடைசி நாள், பெண்கள் ஐக்கியத்தின் ஆண்டுப் பயணம் எனக் காரணங்கள் பலவாயினும் செல்லும் வழி ஒன்றே. காலையில் கானாடுகாத்தான் அரண்மனையை வெளியில் நின்று பார்ப்பது, பின்பு ஆத்தங்குடிப் பெரிய வீடு, நண்பகலில் காரைக்குடியில் கோழிக் குழம்புச் சாப்பாடு, மாலையில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகள். முதல் மூன்றின்மீது எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. கடைசி நிறுத்தத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன்.

அத்தெருவில் எனாமல் பாத்திரங்கள் உண்டு. ரவி வர்மா அச்சுப் படங்கள் உண்டு. ஆச்சிமார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாக்கள் உண்டு. இவற்றை வாங்குவோர் வாங்கட்டும். பாத்திரம் கைமாறுவதில் குற்றமில்லை. ஆனால் கடையின் பின்கொட்டகையில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறார்களே, தேக்குத் தூண்கள், உத்தரங்கள், போதிகைகள், திருமகள் உருவம் செதுக்கிய நிலைகள், இவை எங்கிருந்து வந்தன? ஒரு தூணை எடுக்க வேண்டுமானால் அது தாங்கிய கூரையை முதலில் இறக்க வேண்டும். தூண் விலைக்கு வந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வீடு விழுந்துவிட்டது.

அது எப்படி விழுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. நகரத்தார் வீடு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதாயிராது. வளவைச் சுற்றியுள்ள அறைகள், மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்தளிக்கப்பட்டவை. மூன்று, நான்கு தலைமுறைகளுக்குப் பின் அவ்வறைகளின் சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. உடைந்த ஓட்டை மாற்றுவதற்கு இத்தனை பங்காளிகளையும் ஒப்புக்கொள்ளச் செய்வது அரிது. விற்றுப் பகிர்ந்துகொள்வோம் என்றால் ஒப்புதல் எளிதில் கிடைக்கிறது. உடனே இடிப்பு ஒப்பந்தக்காரர் வருகிறார்; தேக்கு கன அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. உத்தரமும் ஓடும் போனபின் சுண்ணாம்புச் சுவர் சில மழைக்காலங்களையே தாங்கும். முட்டை வெண்கருவும் கடுக்காயும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்த அந்தப் பூச்சு பளபளப்பதெல்லாம் மேலே கூரை உள்ளவரைதான்.

“நாங்கள் வாங்காவிட்டால் அது விறகாகிவிடும்” என்று சொல்வோர் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்வதில் வியப்பில்லை. வாங்கியவரும் அதையே ஒரு தர்மகாரியம்போல் திரும்பச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விழுந்த வீட்டின் மரத்தைக் காப்பாற்றுவது நல்லதே. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து மீண்டும் வீடாகவே நிறுத்தியிருக்கிறார்கள். அதைக் காப்பாற்றுதல் என்று சொல்லலாம். நட்சத்திர விடுதியின் வரவேற்பறையில் இரண்டு தூண், ஒருவர் மாடிப்படியோரம் ஒரு தூண், மற்றொருவர் உணவு மேசைக்கு ஒரு கதவு எனப் பிரித்துக்கொள்வதற்கும் அச்சொல்லையே எப்படி வழங்குவது? இன்று நாம் கொடுக்கும் விலையே அடுத்த வீட்டுப் பங்காளிகள் நாளை தங்களுக்குள் பேசும் கணக்கு.

இதை வெளியாரைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. நம் தியான விடுதி ஒன்றின் முகப்பில் செட்டிநாட்டுத் தூண்கள் நான்கு நிற்கக் கண்டேன். திறப்பு விழாவில் அவற்றுக்காக நன்றி ஜெபமும் ஏறெடுக்கப்பட்டது. அவை எந்த ஊரில், எவர் வீட்டைத் தாங்கியவை என்று நிர்வாகிகளிடம் கேட்டேன். அவர்களுக்கு விலை தெரிந்திருந்தது, ஊர் தெரியவில்லை.

இது செட்டிநாட்டுக்கு மட்டும் நேர்ந்த கேடு என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. 1974-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவைக் குறித்தே ஒரு கண்காட்சி நடத்திற்று. எஞ்சியவற்றுள் பல இன்றும் நிற்பதற்கு ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அமைப்பு பெருங்காரணம். 1895-இல் அதைத் தொடங்கிய மூவருள் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி ஏரி மாவட்டத்தில் பணிசெய்த ஆங்கிலிக்கன் குருவானவர். அவ்வமைப்பு முதன்முதலில் வாங்கிய கட்டடம், 1896-இல் பத்துப் பவுனுக்குக் கிடைத்த ஆல்பிரிஸ்டன் ஊரின் பழைய குருமனை. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ‘பிரிக்கவொண்ணாதது’ என்று அறிவிக்கப்பட்ட சொத்தை அந்த அமைப்பே நினைத்தாலும் விற்க முடியாது. ஒரு குருவானவர் ஏரிகளுக்காகவும் பழைய வீடுகளுக்காகவும் போராடியதை அவர் காலத்துத் திருச்சபை ஊழியத்துக்குப் புறம்பானது என்று தள்ளிவிடவில்லை.

அந்த அமைப்பு 2020-இல் மற்றொரு காரியமும் செய்தது. தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வாணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. அழகை இரசிக்க வந்த இடத்தில் இதையெல்லாம் ஏன் பேசுகிறீர்கள் என்று உறுப்பினர் பலர் சீறினர். வீடு முழுதாக நின்றதால்தான் அக்கேள்வியைக் கேட்க முடிந்தது. செட்டிநாட்டு வீடும் நின்றால் அதற்கு ஒரு கதை சொல்ல இருக்கிறது. பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்த பணம் அது. 1930-இல் உலகெங்கும் நெல் விலை சரிந்தபோது கடன்பட்ட உழவர் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைவசம் இருந்த நிலம் 1930-இல் சுமார் 6 விழுக்காடு. அப்பத்தாண்டின் இறுதியில் சுமார் 25 விழுக்காடு. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை இங்கே உவமை காட்டுவது நியாயமாகாது. ஆகாப் தோட்டத்தை இச்சித்தான். இவர்களோ கொடுத்த பணத்தைக் கேட்டவர்கள், நிலத்தை விரும்பியவர்கள் அல்லர். ஆனாலும் நிலம் போனது போனதுதான். பின்பு 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. இந்தியர் இலட்சக்கணக்கில் கால்நடையாக வெளியேறினர், வழியில் மடிந்தோர் ஏராளம். 1948-இல் பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. உழவனும் இழந்தான், கடன் கொடுத்தவரும் இழந்தார். இவ்வளவையும் அந்தப் பர்மாத் தேக்கின் அடியில் நின்று பேசலாம். நம் பழைய ஆலயங்களின் இருக்கைகளிலும் அதே தேக்கு உண்டு என்பதையும் சேர்த்தே பேசலாம். விடுதி முகப்பில் ஒற்றையாய் நிற்கும் தூணிடம் என்ன கேட்பது?

தேவாலயத்தின் பெருங்கற்களைச் சீஷர்கள் காட்டியபோது, ஒரு கல்லும் மிஞ்சாமல் இடிக்கப்படும் என்று ஆண்டவர் சொன்னாரே, பின் எதற்கு இந்தக் கவலை என்று ஒரு சகோதரர் கேட்டார். அப்படிச் சொன்னவர் அதற்குச் சில நாட்களுக்கு முன் அந்நகரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர் என்பதையும் அதே சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். இடியும் என்று அறிந்தவர் அழுதார். அறிந்துகொண்டே அங்கிருந்து கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டு வரும் உரிமையை அவ்வசனம் யாருக்கும் தரவில்லை.

செட்டிநாட்டில் பார்க்க வேண்டியதை நாம் பார்ப்பதுமில்லை. இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் காட்டி வியக்கிறோம். அவை விலை கொடுத்துக் கொண்டுவரப்பட்டவை. அந்த வறண்ட செம்மண் தானாகக் கண்டறிந்த அறிவு நீரைப் பற்றியது. ஓட்டுக்கூரையில் விழுந்த மழை வளவுக்குள் இறங்கும். மிகுந்தது தெருவோர வாய்க்கால் வழியே ஊருணிக்குச் செல்லும். பிறர்க்கு உதவுகிறவன் செல்வத்துக்கு வள்ளுவர் ஊருணியையே உவமையாக்கினார். இன்று பல வரத்துக் கால்கள் தூர்ந்து, கரைகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதைப் படம் பிடிக்க எவரும் பேருந்தை நிறுத்துவதில்லை. திருப்பத்தூர் வட்டாரத்து வேட்டங்குடிக் கண்மாய்களுக்கும் யாரும் போவதில்லை. 1977 முதல் அது பறவைகள் சரணாலயம். கூடு கட்டி நிற்கும் நாரைகளும் கொக்குகளும் அஞ்சிவிடக்கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளின் ஆசையை அடக்கி, அரை நூற்றாண்டாக இதைக் காத்துவருகிறார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே இடம்பெற்றன. பட்டியல் ஓடு மாற்றித் தராது. பார்வையாளர் கொடுக்கும் நுழைவுக் கட்டணமும், பழைய வீட்டில் ஓரிரவு தங்கக் கொடுக்கும் வாடகையும் ஓடு மாற்றும். ஆத்தங்குடிக்குச் சென்றால், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, சூளையில் சுடாமல் நீரிலிட்டுப் பதப்படுத்தும் கைவினைஞர்களை வேலை செய்யும் இடத்திலேயே காணலாம். ஆலயத்துக்கோ வீட்டுக்கோ செட்டிநாட்டின் அழகு வேண்டுமென்போர் அவர்களிடம் புதுக்கல்லைச் சொல்லி வாங்கட்டும். தச்சரிடம் புதுத் தூணைச் செதுக்கச் சொல்லட்டும். விலை சற்றுக் கூடும். அந்தக் கூலி உயிரோடிருக்கும் ஒருவர் கைக்குப் போகும்.

இவ்வாண்டுப் பயணத்துக்கு என் பெயரையும் சேர்த்திருப்பதாகக் குழுவினர் தெரிவித்தனர். வருகிறேன். மாலை நான்கு முதல் ஆறு வரை முனீஸ்வரன் கோயில் தெருவுக்கென ஒதுக்கியிருப்பதை மாற்றி, அந்நேரத்தைக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கரைக்குக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். ஓட்டுநர் அங்கே ஒலிப்பான் அடிக்கக் கூடாது. ஒலிபெருக்கியில் பாட்டும் வேண்டாம்.