கப்ஹெட்: யாருடைய மலரும் நினைவுகள்?

கப்ஹெட் என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2017 செப்டம்பரில். இத்தனை வருஷம் கழித்து அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. போன மாதம் முழுக்க ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையனும் நானும் ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு உட்கார்ந்து அதை ஆடி முடித்தோம். முடித்த பிறகு எங்களுக்குள் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதை. கோப்பையைத் தலையாகக் கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர். சூதாட்ட விடுதியில் சாத்தானிடம் தோற்றுவிடுகிறார்கள். உயிர் தப்ப ஒரே வழி, சாத்தானிடம் ஆத்மாவை அடகு வைத்துவிட்டு ஓடிப்போன மற்ற கடன்காரர்களைத் துரத்திப் பிடித்து பத்திரங்களை வசூல் செய்து கொடுப்பது. அதாவது ரெகவரி ஏஜென்ட் வேலை! ஹவுசிங் லோன் வாங்கியவன் எவனுக்கும் இந்தக் கதை லேசாக வயிற்றைக் கலக்கும். முதலில் எதிர்ப்படும் கடன்காரர்களில் ஒரு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், ஒரு கேரட். வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு "சாம்பார் வைக்கறதுக்கா இவ்ளோ நேரம் சண்டை போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதை உருவாக்கிய கதை இன்னும் சுவாரசியம். கனடாவைச் சேர்ந்த சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற அண்ணன் தம்பிகள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, வீட்டை மறு அடமானம் வைத்து எடுத்த கேம் இது. 1930களின் அமெரிக்க கார்ட்டூன்கள் எப்படி வரையப்பட்டனவோ அப்படியே வரைவது என்று பிடிவாதம். காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மறுபடி காகிதத்தில் மசியால் இழுத்து, ஸ்கேன் செய்து, அப்புறம்தான் கணினியில் வண்ணம். பின்னணிகள் வாட்டர்கலரில் தீட்டியவை. ஏறத்தாழ 50,000 படங்கள். கின்னஸில் இடம் பிடித்தார்கள். பாட்டுக்கு கிறிஸ்டோஃபர் மாடிகன் இசையில் நிஜ ஜாஸ் வாத்தியக்காரர்களை உட்கார வைத்துப் பதிவு. எதிரிகளோடு மோதும் சண்டைகள் மட்டும்தான் முதலில் திட்டம். 2015-ல் கண்காட்சியில் பார்த்தவர்கள் ஓடிச் சுடும் கட்டங்கள் எங்கே என்று கேட்டதும் அதையும் சேர்க்க உட்கார்ந்துவிட்டார்கள். வெளிவந்த இரண்டு வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. 2022-ல் கூடுதல் பகுதியும் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தன.

வீட்டை மறு அடமானம் வைத்தார்கள் என்று படித்ததும் நான் நிமிர்ந்து எங்கள் ஹாலைப் பார்த்தேன். அம்பர்நாத்தில் இருநூற்றி நாற்பது மாதத் தவணையில் இருக்கும் ஹால் அது. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ வாங்க வக்கில்லாதவன்தானே தினம் ஒன்றரை மணி நேரம் லோக்கலில் தொங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்கிறான். இந்த வீட்டை அடமானம் வைத்து நான் பேசும் கோப்பைக்குப் படம் வரையப் போகிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து எங்கப்பா அடுத்த ரயிலில் கிளம்பி வருவார். அந்தச் சகோதரர்கள் தோற்றிருந்தால் அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வென்றவன் கதையை மட்டும் படித்துவிட்டு "கனவைத் துரத்து" என்று ஃபார்வர்டு அனுப்புபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, வாக்குவாதத்துக்கு வருவோம்.

இந்த கேமில் இரண்டு ஏக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. ஆடும் விதத்தில் இருப்பது எண்பதுகளின் ஏக்கம். கான்ட்ரா, மெகாமேன் வம்சம். குதி, சுடு, செத்துப் போ, திரும்ப முதலிலிருந்து. இது எனக்குச் சொந்தமான ஏக்கம். தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் யாரிடமும் அசல் நிண்டெண்டோ கிடையாது. சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் வந்த நகல் பெட்டிகள்தான். மஞ்சள் கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே ஏழோ எட்டோதான் திரும்பத் திரும்ப வரும். கேசட்டின் வாயில் ஊதி ஊதிச் செருகி, மேலே மேலே கீழே கீழே என்று அமுக்கி முப்பது உயிர் வாங்கி ஆடிய கூட்டம் நாங்கள். கப்ஹெட்டில் முப்பது உயிர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறை சாகும்போதும் எதிரியை முடிக்க இன்னும் எவ்வளவு தூரம் இருந்தது என்று ஒரு கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு இருக்கிறதே, அதுதான் மனுஷனைத் தூங்க விடாதது. "இவ்ளோதான்பா பாக்கி" என்று பையன் சொல்ல, மணி பன்னிரண்டு ஆகிவிடும். இருவராக ஆடினால் ஒருவன் செத்ததும் அவன் ஆவி மெல்ல மேலே போகும், மற்றவன் எட்டிக் குதித்துத் தட்டினால் உயிர் வந்துவிடும். பெரும்பாலும் மேலே போனது என் ஆவிதான்.

பார்க்கும் விதத்தில் இருப்பது வேறு ஏக்கம். மாக்ஸ் ஃப்ளெய்ஷரின் நிறுவனம் பெட்டி பூப், பாப்பாய் எல்லாம் எடுத்த காலம். எலும்பே இல்லாமல் ரப்பர் குழாய் போல வளையும் கைகால், வெள்ளைக் கையுறை, தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருக்கும் உடம்பு. அந்தக் காலத்தில் மோல்டன்ஹவர் சகோதரர்கள் பிறக்கவே இல்லை, பழைய கேசட்டுகளில் பார்த்துத்தான் மயங்கினார்கள். நானும் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பாப்பாயைப் பார்த்ததோடு சரி. வாழாத காலத்துக்கு ஏங்குவது தப்பில்லை. கல்கியைப் படித்துவிட்டுச் சோழர் காலத்துக்கு ஏங்காத தமிழன் உண்டா?

ஆனால் அந்தக் காலத்து கார்ட்டூனில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மேடை ஆட்டம் ஒன்று அமெரிக்காவில் நெடுங்காலம் நடந்தது. வெள்ளைக் கையுறை, உருட்டும் கண், அகன்ற வாய் எல்லாவற்றிலும் அந்த ஆட்டத்தின் வாடை உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1932-ல் ஃப்ளெய்ஷர் எடுத்த ஒரு பெட்டி பூப் படத்தில், பெரிய ஜாஸ் பாடகரான கேப் காலவேயின் அசைவுகளை அப்படியே பிரதியெடுத்து ஒரு வால்ரஸ் பேயாக ஆட விட்டார்கள். ஆட்டம் அவருடையது, உருவம் மட்டும் பேய். கப்ஹெட் வந்தபோது சில கறுப்பின விமர்சகர்கள் இதைத்தான் கேட்டார்கள்: சூதாட்ட விடுதி மேலாளராக வரும் கிங் டைஸின் மிடுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துதான் ரசிக்கிறீர்களா? தயாரிப்பாளர்கள் தரப்பில், ஓவிய பாணியை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம், மற்றது வேண்டாம் என்றார்கள். கேமில் அப்பட்டமான இனக்கேலி எதுவும் இல்லை என்பதும் உண்மை.

பையன் கட்சி அதுதான். "படம் நல்லா இருக்குப்பா. எண்பது தொண்ணூறு வருஷம் முன்னாடி யாரோ பண்ண தப்புக்கு இந்தக் கப் என்ன பண்ணும்?" என்கிறான். அம்பர்நாத்தில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட நன்றாக மராத்தி பேசுபவன். அவனுக்கு நான் சொன்ன பதில் அமெரிக்காவைப் பற்றியது இல்லை, பம்பாயைப் பற்றியது.

இந்த நகரத்தில் கார்ட்டூனுக்கும் தமிழனுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஃப்ரீ பிரஸ் ஜர்னல் என்ற ஒரே பத்திரிகை இரண்டு பெரிய கார்ட்டூனிஸ்டுகளைக் கொடுத்தது. ஒருவர் மைசூர்த் தமிழ்க் குடும்பத்து ஆர்.கே. லக்ஷ்மண். இன்னொருவர் பால் தாக்கரே. இருவருக்குமே தூரிகை கை வந்த கலை. தாக்கரே 1960-ல் வேலையை விட்டு மார்மிக் என்ற கார்ட்டூன் வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். அதில் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல் வரும், 'படித்துவிட்டுச் சும்மா இரு' என்ற பொருளில் தலைப்புப் போட்டு. 1966-ல் சிவசேனை பிறந்தது. லுங்கியை விரட்டச் சொல்லிக் கோஷம், உடுப்பி ஹோட்டல்கள் மேல் கல். மாட்டுங்காவில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாரையாவது உட்கார வைத்துக் கேளுங்கள், பெருமூச்சோடு சொல்வார்கள். 1968-ல் வந்த பாடோசன் படத்தில் குடுமியும் வேட்டியுமாக மெஹமூத் நடித்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியாரைப் பார்த்து நாடே சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன், அந்த நடிப்பு அப்படி. 2013-ல் சென்னை எக்ஸ்பிரஸ் வந்த பிறகு எங்கள் சொசைட்டி கணபதி விழாவில் லுங்கி டான்ஸ் போடாத வருஷம் குறைவு. அக்கம்பக்கத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்கே லுங்கி கட்டி மேடையேற்றியிருக்கிறார்கள். காலம் மாறிவிட்டது, கசப்பு போய்விட்டது, உருவம் மட்டும் தங்கிவிட்டது. கேலிக்காகப் பிறந்த உருவம் எப்படி வேடிக்கை உருவமாகி, பிறகு 'பழைய இனிமை' ஆகிறது என்பதை இங்கே இருக்கும் தமிழன் நேரிலேயே பார்த்திருக்கிறான். அப்படி இருக்க, ஒரு கறுப்பின விமர்சகர் வெள்ளைக் கையுறையைக் காட்டி முகம் சுளித்தால் 'ஓவர் சென்சிடிவ்' என்று நான் எப்படிச் சொல்வேன்?

"அப்போ ஆடக்கூடாதா?" என்றான் பையன். ஆடலாம். நான் இன்னொரு முறை ஆடப் போகிறேன். அந்தப் பாணியைக் கையால் செய்து காட்டியதற்காகவே கப்ஹெட் எனக்குப் பிடிக்கும். ஆனால் "பாணி மட்டும்தான் எடுத்தோம்" என்பது பாதி பதில்தான். பாணிக்கு வேர் உண்டு. பாராட்டும்போது வேரையும் சொல்லு, யாருடைய ஆட்டத்தைத் திருடி வால்ரஸுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லு.

நம் வீட்டிலும் இதே சிக்கல் உண்டு. எனக்கு ஒரு ஆசை: சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களை வைத்து யாராவது இப்படி ஒரு கேம் செய்ய வேண்டும். லேபிளில் இருந்து புலி குதித்து இறங்கி வர வேண்டும், கிளி நெருப்பு கக்க வேண்டும். முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு பிறந்ததும் அதே சிவகாசியில்தான். என்ன பொருத்தம் பாருங்கள், நான் குடியிருக்கும் அம்பர்நாத்தும் தீப்பெட்டி ஊர். விம்கோ 1924 வாக்கில் இங்கே தொழிற்சாலை போட்டது, முழுக்க இயந்திரம். அந்த இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சிவகாசியின் கைவேலை நின்றது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அந்தக் கைகளில் எத்தனை பிஞ்சுக் கைகள் என்று எண்பதுகளில் பத்திரிகைகள் எழுதின. என் கனவு கேமில் புலி மட்டும் வந்து குழந்தைகள் வராமல் போனால், நானும் பாணியை மட்டும் எடுத்தவன்தான்.

இதைச் சரியாகச் செய்த ஒரு கேம் நம்மவர்களுடையதே. 2023-ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா. குதிப்பது சுடுவது கிடையாது, சமையல்தான். கார்ட்டூன் பாணிதான், ஏக்கம்தான். 1980களின் இறுதியில் கனடா போன தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, தமிழ் படிக்கத் திணறும் மகன். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று யோசிக்க வைத்துவிட்டு, அம்மாவை விட்டுப் பிள்ளை விலகிப் போவதையும் ஒளிக்காமல் காட்டுகிறது. அந்த இடத்தில் என் பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

வரையக் கை இல்லாத நாடா நம்முடையது? 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு ஆரம்பித்து, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸே வந்து சொல்லிக் கொடுத்தார். ராம் மோகன் அங்கே உருவானவர். அப்புறம் சென்னை, திருவனந்தபுரம், மும்பை என்று ஸ்டூடியோக்கள் முளைத்தன. பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன் கதைக்கு நம் ஆட்கள் இடைப்படங்கள் வரைந்து கொடுத்தார்கள். மணிக்கணக்குக்கு விலை பேசும் ஐ.டி. வேலையில் நான் செய்வதும் அதேதான், குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் வங்கிகளுக்கு ஒரு வார்த்தை: கல்யாண மண்டபத்துக்கும் கார் வாங்கவும் கடன் கொடுக்கிறீர்கள். 50,000 படம் வரையப் போகிறேன் என்று ஒருத்தன் வந்தால், வீட்டுப் பத்திரம் கேட்காமல் அவன் நோட்டைக் கொஞ்சம் புரட்டியாவது பாருங்கள்.

டிஸ்கி: கிங் டைஸ் கட்டத்தில் எத்தனை முறை செத்தோம் என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம். பையன் கணக்கு வைத்திருக்கிறான், நான் வைத்திருக்கவில்லை :-)