நாடிக்குக் கீழே ஒரு வாசல்

2020 கொரோனாக் கோடையில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நோர்ட்ஸ்டாட்டில் ஒரு தமிழ்க்கடை. கல்லாவில் நின்ற அண்ணை மாஸ்க் போடவில்லை. நெற்றியில் பஞ்சுப்பட்டை வைத்த பிளாஸ்டிக் வைசர் மட்டும். ஏன் என்று கேட்டேன்.

"மாஸ்க் மூச்சு முட்டுது தம்பி. இதெண்டா முகம் முழுக்க மறைக்குது. எது நல்லது, சொல்லும் பாப்பம்?"

பக்கத்தில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி. கருவேப்பிலைக்கு மிச்சக் காசு எண்ண அவர் குனிந்தபோது, புகை நாடிக்குக் கீழே நுழைந்து, தகட்டின் உட்பக்கமாக ஏறி, காதோரம் வெளியே வந்தது. அண்ணை தும்மினார்.

அதிகம் மறைத்தால் அதிகம் காக்கும் என்ற இந்தக் கணக்கு படித்தவர்களிடமும் உண்டு. மாஸ்க் மூச்சை வடிக்கிறது. வைசர் எதையும் வடிப்பதில்லை, காற்றைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கணினியில் 2020இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: 5 மைக்ரோமீட்டரிலும் சிறிய துளிகளில் ஏறக்குறைய எல்லாமே தகட்டின் ஓரங்களால் தப்பிவிட்டன. வைசர் மாஸ்கிற்கு ஈடாகாது என்று ஜெர்மனியின் தொற்றுநோய்த் தடுப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனமும் சொன்னது. காது கேளாதவருக்கு உதட்டைக் காட்ட வேண்டியவர் வைசர் போடுவது வேறு கதை. மிளகாய்த்தூள் விற்க அந்தக் காரணம் செல்லாது.

"சென்னையிலை வைசர் போட்ட ஒருத்தருக்கும் வரேல்லையாம்" என்றும் சொல்வார்கள். செய்தி உண்மை, பாதி மட்டும். 2020 மே தொடக்கத்தில் சென்னையில் வீடு வீடாகப் போன 62 சுகாதாரப் பணியாளர்களில் 12 பேருக்குத் தொற்றியது. பிறகு வைசர் கொடுத்தார்கள். மீதி 50 பேர் ஜூன் முடியும்வரை 18,228 வீடுகள் ஏறி இறங்கினார்கள், ஒருவருக்கும் தொற்றவில்லை. ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. ஆனால் அவர்கள் தொடக்கத்திலிருந்தே மூன்றடுக்கு மாஸ்க் போட்டவர்கள். வைசர் அதற்கு மேல் ஏறி, மாஸ்க் விட்டுவைத்த கண்ணை மூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வைசர் இல்லாத இன்னொரு குழு இல்லாததால், முழுப் புகழையும் வைசருக்கே எழுதிவிடவும் எனக்கு மனமில்லை.

அதற்காக, மாஸ்க் இருந்தால் வைசர் வீண் என்பவர்களோடும் நான் இல்லை. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் என் மச்சாள், இருமுகிற கிழவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து சோறூட்டுகிறாள். அவளுக்கு இரண்டும் வேண்டும்.

டோர்ட்மண்ட் இருக்கும் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் கடைகளுக்குள் மருத்துவ மாஸ்க் கட்டாயமானது 2021 ஜனவரி 25இல். அதுவரை அண்ணை வைசரோடுதான் நின்றார். ஊதுபத்தியை மட்டும், நான் பார்த்த அடுத்த வாரமே, கடையின் மறுகோடிக்கு மாற்றியிருந்தார்.