மழை மீது பழி போடாதீர்!

மலை மேல் வெள்ளமா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொல்லிமலைச் சரிவிலுள்ள ஒரு தெருவில் நாலு நாள் குடியிருந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். மலையில் தண்ணீர் தேங்குவதில்லை, ஓடுகிறது. ஓட வழி இல்லாவிட்டால் ஏழையின் வீட்டு வாசற்படி ஏறி, அடுப்பை அணைத்து, சுவரின் அடிமண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. சமவெளியில் தேங்கிய தண்ணீர் இரண்டு நாளில் வடியலாம். மலையில் கரைந்த மண் திரும்பி வராது.

இதற்கு மழையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கொல்லிமலைக்கு மழை புதிதல்ல. ஆகாய கங்கையாக விழுந்து அய்யாறாக ஓடுவதும் இந்த மழைதான். புதிதாக வந்தவை ரோடும், சிமெண்டும், கான்ட்ராக்டும்தான். ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கிய மக்களுக்கு ரோட்டின் அருமை தெரியும். ஆனால் மலையை வெட்டி ரோடு போடுகிறவன் தண்ணீருக்கும் வழி வைக்க வேண்டும்.

அதற்கு மூன்று வேலைகள் தேவை. ரோட்டின் மலைப்பக்கத்தில் வாய்க்கால். அந்தத் தண்ணீர் ரோட்டைக் கடக்கக் குழாய்ப் பாலம். அங்கிருந்து ஓடை வரை அதைக் கொண்டுபோய் விடும் வழி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். ஆனால் வேலை துண்டு துண்டாக ஏலம் விடப்படுகிறது. ஒரு வருஷம் மேல் தெருவுக்கு வாய்க்கால். கீழ்த் தெருவுக்கு அடுத்த நிதி வரட்டும் என்பார்கள். நிதி வருகிறதோ இல்லையோ, மழை வந்துவிடுகிறது. மேல் தெருத் தண்ணீரெல்லாம் கீழ்த் தெருக் குடிசைகளில் இறங்குகிறது. போய்ச் சேர இடமில்லாத வாய்க்கால் வாய்க்காலே அல்ல. அது பில் எழுதக் கட்டிய சுவர்.

வாய்க்காலை மண் அடைக்கிறதே, அதற்கு மலைமக்கள் காரணம் இல்லையா என்று கேட்கும் அதிகாரிகளும் உண்டு. சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு பிடுங்கும்போது மண் இளகுகிறது, மழையில் கரைந்து வருகிறது. உண்மைதான். ஆனால் அந்தக் கிழங்கு போவது கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு. விலையை நிர்ணயிப்பது பழங்குடி விவசாயி அல்ல. கிழங்கின் லாபம் ஆலை முதலாளிக்கு, கிழங்குக் காட்டுச் சேறு மலையாளிப் பழங்குடி மக்களின் வாசலுக்கு என்றால், இது என்ன நியாயம்?

இது மலைமக்களின் கஷ்டம் மட்டும் என்று சமவெளித் தொழிலாளி நினைத்துவிடக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைத் தண்ணீர் திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலத்தின் தாழ்வான தெருக்களில் புகுந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து வீட்டின் மீது விழுந்து 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சரிவிலும் பள்ளத்திலும் உழைப்பாளிகள் ஆசைப்பட்டுக் குடியேறுவதில்லை. மேடான நல்ல நிலத்தை வாங்கக் கூலி போதாததால் குடியேறுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் போகவில்லை. 1994ம் வருஷத்திய தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110வது பிரிவு, வாய்க்கால் கட்டிக் கழிவுநீரை அகற்றுவது கிராம ஊராட்சியின் கடமை என்கிறது. சலுகை என்று சொல்லவில்லை, கடமை என்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டு, வீடுகளைப் பள்ளமாக்கக் கூடாதென்று 2021 மே மாதத்தில் மாநிலத் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். காகிதத்தில் குறைவில்லை. ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்ததும், தேர்தல் நடத்தாமல் நிர்வாகத்தைத் தனி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். கேள்வி கேட்க வார்டு மெம்பர் கூட இல்லையென்றால், சட்டத்தின் கடமையை யார் நினைவூட்டுவது?

ஆள்கிறவர்களின் மூக்கில் படாத நாற்றம் நாற்றமே அல்ல என்பது பழைய கதை. லண்டன் நகரின் ஏழைத் தெருக்களில் 1849லும் 1854லும் காலராவுக்கு ஆயிரக்கணக்கானோர் பலியானார்கள். அப்போது அசையாத பார்லிமெண்ட், 1858 கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தன் ஜன்னலுக்குள் நுழைந்ததும், சில வாரங்களுக்குள் சாக்கடைச் சட்டம் போட்டது. நமது தெருவின் சேறு கோட்டையின் ஜன்னலை எட்டாது. நமது குரல்தான் எட்ட வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கோருவது இவைதான். கொல்லிமலையின் ஒவ்வொரு ஊரிலும் மழைக்கு முன்பே எல்லா வாய்க்கால்களையும் குழாய்ப் பாலங்களையும் தூர் வார வேண்டும். துண்டு வேலை வேண்டாம். மேட்டிலிருந்து ஓடை வரை ஒரே திட்டமாகக் கட்ட வேண்டும். அடைப்பெடுக்கும் வேலையைத் துப்புரவுத் தொழிலாளியின் வெறுங்கைக்கு விடக் கூடாது. வேலையின் அளவும் தொகையும் ஊர் நடுவில் எழுதி வைக்கப்பட வேண்டும். ஆபத்தான சரிவிலுள்ள குடும்பங்களுக்குப் பிழைப்பு கெடாத தூரத்தில் மனைப் பட்டாவும் வீடும் தர வேண்டும்.

மக்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். தலைக்கு ஒரு மனுவாகப் போகாமல், தெருவாகத் திரண்டு போங்கள். எந்த இடத்தில் தண்ணீர் மறிகிறது, எத்தனை வீட்டில் புகுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானமாகப் பதியாமல் கலையாதீர்கள். மேல் தெருவும் கீழ்த் தெருவும் சேர்ந்து நில்லுங்கள். மேல் தெருக்காரன் தன் வாசல் தப்பியது என்று வீட்டுக்குள் இருந்துவிட்டால், கான்ட்ராக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது. அதற்கு வழி வெட்ட வைக்க நம்மால் ஆகும்.