வர்ஜீனியாவில் மூன்று நாள் மோட்டார்ப் பிரயாணம்

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகளிடம் செல்லும் மிராசுதாரர்கள், மூன்று நாள் ஓய்வு வாய்த்தால் ஏழெட்டு ஸ்தலங்களை ஓட்டமாய்ப் பார்த்துத் திரும்புகிறார்கள். பெட்ரோல் செலவுதான் மிச்சம். வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு மலைச்சாலையும் ஒரு திராட்சைப் பிரதேசமுமே அந்நாட்களுக்குப் போதுமானவை.

ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் மலைமுகட்டின்மேல் செல்லும் ஸ்கைலைன் சாலை 105 மைல் நீளமுள்ளது. மணிக்கு 35 மைல் வேகத்துக்குமேல் ஓட்டலாகாதாகையால், வடமுனையிலுள்ள பிரண்ட் ராயலில் காலையில் புறப்பட்டு ஒரு பகல் முழுவதையும் அதற்கே ஒதுக்குதல் நலம். 1935-ல் இப்பூங்கா ஏற்படுவதற்காக மாகாண சர்க்கார் நிலங்களை ஆர்ஜிதம் செய்ததில், அங்கே பயிரிட்டு வாழ்ந்த சுமார் 500 குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. சொந்த நிலமில்லாத குடிகளுக்கு நஷ்டஈடும் கிடைக்கவில்லை. அவர்களுடைய இடுகாடுகளும் இடிந்த புகைபோக்கிகளும் இன்றும் காட்டினுள் தென்படுகின்றன. நிலவரி, பட்டா விஷயங்களைக் கையாளும் கிராம அதிகாரிகள் மலைக்காட்சியை மட்டும் கண்டு, இவற்றைப் பாராமல் வருவது தகாது.

சாலையின் தென்முனையிலிருந்து கிழக்கே சென்றால் சார்லட்ஸ்வில் நகரம். அதனருகே மாண்டிசெல்லோவில் ஜெபர்ஸன் ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளைப் பலமுறை நட்டும் பலன் காணவில்லை. அமெரிக்க மண்ணிலுள்ள வேர்ப்பேன் ஐரோப்பியக் கொடியின் வேரைக் கெடுப்பது. பூஞ்சண நோய்களும் அங்கு அதிகம். இக்காலத்தில் அமெரிக்க வேர்க்கட்டையில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டிப் பயிரிடுகிறார்கள். இதைப் பார்க்கவே அங்கு போகவேண்டும். ஒயின் சாலையின் ருசிபார்க்கும் மேஜையோடு திரும்பாமல், முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுத் தோட்டத்தில் இறங்குவது நல்லது. மதுவருந்தாதார்க்கும் அங்கே வேலையுண்டு. வண்டியோட்டுபவர் குடிக்கவே கூடாது.

அக்டோபரில் இலைகள் சிவந்து அழகாயிருக்குமாயினும் சாலையில் கூட்டம் மிகுதி. விவசாயிக்கு அறுவடை நடக்கும் செப்டம்பரே தகுந்த மாதம்.